சீட்டு முந்தியதா, சங்கிலி முந்தியதா?

நில அளவைப் பயிற்சியில் இருக்கும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரும்பரப்பு நிலத்தைத் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க ஓர் அரசு முடிவெடுத்தால் அதன் முன் இரண்டு வேலைகள் நிற்கும்: அளப்பது, கொடுப்பது. எதை முதலில் செய்வது என்ற கேள்விக்கு அமெரிக்க எல்லைப்புறத்தில் 1779-இல் ஒரு விடை சொல்லப்பட்டது. 1785-இல் அதற்கு நேர்மாறான விடை சொல்லப்பட்டது. முதல் விடை கென்டக்கி உழவர்களைத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்ற வாசலில் நிறுத்தியது. இரண்டாவது விடை ஒஹாயோ ஆற்றின் வடகரையில் தொடங்கிப் பசிபிக் கடற்கரை வரை நிலத்தைக் கட்டம் கட்டியது. இரண்டு முறைகளிலும் கருவி ஒன்று, அளவர்களும் ஏறத்தாழ ஒரே வகை ஆட்கள். வேலைகளின் வரிசை மட்டுமே மாறியது.

முதல் முறைக்கு வேர் வர்ஜீனியாவில் இருக்கிறது. அங்கே 1618 முதல் தலைக்கு 50 ஏக்கர் என்ற வழக்கம் இருந்தது. கடல் கடந்து ஓர் ஆளை அழைத்துவரும் செலவை யார் ஏற்றாரோ அவருக்கு அந்த 50 ஏக்கர். வந்தவர் பெரும்பாலும் பல ஆண்டுகள் உழைப்பதாக எழுதிக்கொடுத்த வேலையாள். நிலம் அவருக்கு அல்ல, கப்பல் கட்டணம் கட்டிய முதலாளிக்கு. பின்னாளில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் தலைகளைக் காட்டியும் நிலம் கோரப்பட்டது. காலப்போக்கில் அந்தச் சீட்டே கைமாறும் சரக்காகிவிட்டது.

எந்த 50 ஏக்கர் என்பதை அரசு சொல்லவில்லை. சீட்டு வைத்திருப்பவர் காட்டுக்குள் போய், ஆற்றோரத்து வண்டலாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, கவுண்டி அளவரை அழைத்து அளக்கச் செய்வார். இடையில் கிடக்கும் பாறையும் சரிவும் யாருக்கும் வேண்டாதவை. அவை விடுபட்டுப் போகும். புலத்துக்கு நான்கு பக்கம் இருந்தாலும் சரி, பதினேழு பக்கம் இருந்தாலும் சரி, சட்டத்துக்குக் கவலையில்லை. வடக்கே நியூ இங்கிலாந்தில் நடந்தது வேறு. அங்கே ஒரு கூட்டம் சேர்ந்து மனுக்கொடுத்து, ஊருக்கென்று ஒரு பரப்பை வாங்கி, பிறகு குடும்பங்களுக்குப் பங்கிட்டுக்கொண்டது. 1785-இல் இந்த வடக்கத்தி வழக்கமும் தெற்கத்தி வழக்கமும் நேருக்கு நேர் மோதின.

வர்ஜீனியாவில் அளவர் என்பவர் மதிப்பான ஆள். 1693-இல் தொடங்கிய வில்லியம் அண்டு மேரி கல்லூரியிடமே அளவர்களுக்கு உரிமம் வழங்கும் பொறுப்பு இருந்தது. அவர்கள் தங்கள் கட்டணத்தில் ஆறில் ஒரு பங்கைக் கல்லூரிக்குக் கட்டினார்கள். 1749-இல் அந்த உரிமத்தோடு கல்பெப்பர் கவுண்டி அளவரான இளைஞருக்கு வயது 17. அவர்தான் ஜார்ஜ் வாஷிங்டன். தாமஸ் ஜெபர்சனின் தந்தை பீட்டர் ஜெபர்சனும் பெயர்பெற்ற அளவர். நல்ல நிலம் எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் முன்பாக அளவருக்குத் தெரிந்தது. பெருநிலக்காரர்கள் பலர் இந்தத் தொழிலிலிருந்து எழுந்தது தற்செயல் அல்ல.

கருவிகள் எளியவை. ஒற்றைக்கால் தடியின்மேல் பொருத்திய ஒரு திசைகாட்டி. அதன் இரு ஓரத்திலும் நட்டுக்குத்தாகப் பிளந்த இரண்டு தகடுகள். அந்தப் பிளவுகளினூடே தூரத்து மரத்தைக் குறிபார்த்து, முள் காட்டும் பாகையை எழுதிக்கொள்வார்கள். தூரத்துக்கு ஆங்கிலேயர் எட்மண்ட் கன்ட்டர் 1620 வாக்கில் வகுத்த சங்கிலி: நீளம் 66 அடி, கண்ணிகள் 100, ஒரு கண்ணி 7.92 அங்குலம். 80 சங்கிலி ஒரு மைல்; 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். நான்கின் மடங்குக் கணக்கும் பத்தின் மடங்குக் கணக்கும் இத்தனை சுமுகமாகச் சேர்ந்த கருவி வேறு இல்லை. தமிழ்நாட்டுப் பத்திரங்களில் வரும் சென்ட் இதே சங்கிலியின் வாரிசு: ஒரு சென்ட் சரியாக 1,000 சதுரக் கண்ணி (லிங்க்). இன்னொரு உறவும் உண்டு. 1781-இல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தபோது சிறைப்பட்டவர்களில் வில்லியம் லாம்டன் என்ற இளம் அதிகாரியும் ஒருவர். விடுதலையானபின் அவர் கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் குடியேறிகளுக்கு நிலம் அளந்தார். அவரே 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து இந்திய முக்கோண அளவையைத் தொடங்கினார்.

மலைக்காட்டில் முழுச் சங்கிலி சிக்கிக்கொள்ளும் என்பதால் வர்ஜீனியாக்காரர்கள் 33 அடியுள்ள அரைச் சங்கிலியைப் பிடித்தார்கள். கணக்கைக் கோலில் எழுதினார்கள். ஒரு கோல் 16½ அடி. குழுவில் சங்கிலி பிடிக்க இருவர், மரத்தில் குறி வெட்ட ஒருவர், திசைகாட்டியோடு அளவர். சங்கிலி பிடிப்போர் ஒழுங்காக அளப்பதாகச் சத்தியம் செய்யவேண்டும். சத்தியம் மனிதரைக் கட்டும், இரும்பைக் கட்டாது. கண்ணிகள் உராய்ந்து தேயத்தேயச் சங்கிலி நீண்டுகொண்டே போகும். நூற்றுக்கு ஒரு கண்ணி நீளம் கூடினால் பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்கு தவறும்: 640 ஏக்கர் என்று எழுதிய இடத்தில் தரையில் 653 ஏக்கர் கிடக்கும். சரிவில் சங்கிலியை மட்டமாகப் பிடிக்காமல் தரையோடு போட்டு இழுத்தால் தவறு எதிர்ப்பக்கம் போகும். காந்தமுள் உண்மை வடக்கைக் காட்டுவதில்லை. அது காட்டும் வடக்கும் ஆண்டுக்கு ஆண்டு நகரும். ஒரு பாகை பிசகினால் ஒரு மைல் கடைசியில் எல்லை 92 அடி தள்ளி விழும். தாத்தா காலத்துப் பத்திரத்தில் உள்ள பாகையை அப்படியே வைத்துப் பேரன் காலத்தில் கோடு ஓட்டியவர்கள் பக்கத்துக்காரரின் சோளக்கொல்லைக்குள் போய் நின்றது இதனால்தான்.

இப்படி அளந்த புலத்தின் எல்லை விவரம், மாதிரிக்கு, இவ்வாறு இருக்கும்: ஓடையின் தென்கரையில் நிற்கும் இரண்டு வெள்ளை ஓக் மரங்களும் ஒரு ஹிக்கரியும் தொடக்கம், அங்கிருந்து வடக்கு 40 பாகை கிழக்காக 120 கோல், ஒரு பீச் மரம், அங்கிருந்து கிழக்காக 210 கோல், இன்னார் நிலத்து மூலை, அங்கிருந்து ஓடையின் வளைவுகளோடு இறங்கித் தொடக்கம் வரை. நான்கெல்லை எழுதிப் பழகிய கைகளுக்கு இதன் தோரணை புதிதல்ல. ஆனால் இங்கே மூலைக்கல் இல்லை, மரந்தான் மூலை. மரம் விழும், எரியும், வெட்டுப்படும். வேண்டாத எல்லையை அழிக்க ஒரு கோடரி போதும். பழைய வர்ஜீனியாவில் இதற்கு ஒரு மாற்று இருந்தது: நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஊர்ப் பெரியவர்களும் பக்கத்து நிலக்காரர்களும் எல்லைகளை நடந்து பார்த்து, மரக்குறிகளைப் புதுப்பிக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஊர் இருந்த இடத்தில் அது நடந்தது. ஊரே இல்லாத மலைக்கு அப்பால் யார் நடப்பது?

மலைக்கு அப்பால் போகக்கூடாது என்றுதான் 1763 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசர் அறிவித்தார். அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே உள்ளது பூர்வகுடிகளுக்கு. குடியேற்றமும் அளவையும் கூடாது. அதே அறிவிப்பு, பிரான்சுடன் நடந்து முடிந்த போரில் பணிசெய்தவர்களுக்கு நிலமும் தந்தது: மேல்நிலை அதிகாரிக்கு 5,000 ஏக்கர், கேப்டனுக்கு 3,000, சாதாரண வீரருக்கு 50. ஒரு கையால் கதவைச் சாத்தி மறு கையால் சாவி கொடுத்ததை யாரும் கவனிக்காமல் இல்லை. அதற்கு முன்பே, 1754-இல், வர்ஜீனிய ஆளுநர் தம் படைவீரர்களுக்கு 2,00,000 ஏக்கர் வாக்களித்திருந்தார். 1767-இல் வாஷிங்டன் தம் நண்பரான அளவர் வில்லியம் கிராஃபோர்டுக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. தடை தற்காலிகமானது, வேட்டைக்குப் போவதுபோல் போய் நல்ல நிலங்களைக் குறித்து வைக்கவும், வெளியே மூச்சுவிட வேண்டாம் என்பது அதன் சாரம். வாஷிங்டனின் வாய்மையைப் பற்றிப் பள்ளிப் புத்தகங்கள் சொல்லும் கதைகளோடு இந்தக் கடிதத்தையும் சேர்த்துப் படிப்பது நல்லது. கனாவா ஆற்றுப்பக்கம் அவருக்கு 20,000 ஏக்கருக்கு மேல் சேர்ந்தது. கிராஃபோர்டு 1782-இல் டெலவேர் குடியினரிடம் பிடிபட்டு எரித்துக் கொல்லப்பட்டார்.

கென்டக்கி என்று பின்னர் பெயர்பெற்ற பகுதியை 1768-இல் ஸ்டான்விக்ஸ் கோட்டையில் ஓர் ஒப்பந்தத்தின்மூலம் இராக்வாய் குடிகள் எழுதிக்கொடுத்தார்கள். அங்கே வேட்டையாடி வாழ்ந்தவர்கள் ஷானிகளும் செரோக்கிகளும். தமக்குச் சொந்தமில்லாததை ஒருவர் விற்க, விற்றவருக்குச் சொந்தமில்லை என்று தெரிந்தே மற்றவர் வாங்கிய தாய்ப்பத்திரம் அது. 1774-இல் ஃபின்காசில் கவுண்டி அளவர் வில்லியம் பிரெஸ்டன் தம் உதவி அளவர்களை அங்கே அனுப்பினார். அவர்களில் ஹான்காக் டெய்லர் அந்தக் கோடையிலேயே குண்டடிபட்டு இறந்தார். மறு ஆண்டு ரிச்சர்டு ஹெண்டர்சன் என்ற வட கரோலினா நீதிபதி, சைகமோர் ஷோல்ஸ் என்ற இடத்தில் செரோக்கித் தலைவர்களிடம் ஏறத்தாழ 2 கோடி ஏக்கரைத் தம் கம்பெனிக்கு வாங்கினார். டிராகிங் கனூ என்ற இளம் தலைவர் ஒப்பாமல் வெளியேறினார். வர்ஜீனியா 1778-இல் அந்த விற்பனையைச் செல்லாது என்றது. ஆறுதலாக 2,00,000 ஏக்கரைக் கம்பெனிக்குக் கொடுத்தது. ஹெண்டர்சனுக்காகப் பாதை வெட்டியவர் டேனியல் பூன்.

1779-ஆம் ஆண்டின் வர்ஜீனிய நிலச் சட்டம் இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்த வந்தது. 1778-க்கு முன் குடியேறியவருக்கு 400 ஏக்கர். அதை ஒட்டி மேலும் 1,000 ஏக்கரை வாங்க முன்னுரிமை. மற்றவர்கள் கருவூலச் சீட்டு வாங்கலாம்: 100 ஏக்கருக்கு 40 பவுண்டு, அதுவும் மதிப்பிழந்துகொண்டிருந்த காகிதப் பணத்தில். ஒருவர் எத்தனை ஏக்கர் வாங்கலாம் என்பதற்கு வரம்பில்லை. மொத்தம் எத்தனை ஏக்கருக்குச் சீட்டு விற்கலாம் என்பதற்கும் வரம்பில்லை. விடுதலைப் போர்ச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது. நிலம் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் அளந்து பார்த்திருக்கவில்லை.

சீட்டு பட்டயமாக நான்கு படிகள். முதலில் சீட்டு. இரண்டாவது, கவுண்டி அளவரின் பதிவேட்டில் இடத்தைக் குறிப்பிட்டு ஒரு பதிவு. மூன்றாவது, அளவை. நான்காவது, ரிச்மண்டிலிருந்து ஆளுநர் கையெழுத்திட்ட பட்டயம். சிக்கல் முழுவதும் இரண்டாவது படியில் இருந்தது. இடத்தைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். அடுத்து வருபவர் அதைப் படித்துவிட்டு ஒட்டிய நிலத்தில் தம் சீட்டை ஐயமின்றி வைக்கும்படி இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்டது. கேட்டது நியாயம். ஆனால் பதிவு செய்தவர் வேட்டைக்காரர். எழுத்து தெரிந்தவர்களே குறைவு. ஷானிகளின் துப்பாக்கிக்கு அஞ்சி ஒரே நாளில் காட்டைச் சுற்றிவிட்டுக் கோட்டைக்குத் திரும்பியவர். லிக்கிங் ஆற்றின் ஒரு கிளையோடையில், பெயரின் முதலெழுத்து வெட்டிய ஷுகர் மேப்பிள் மரத்திலிருந்து கணக்கு நிறையும்வரை கீழ்நோக்கி என்பது போன்ற விவரமே அவரால் தர முடிந்தது. எந்தக் கிளையோடை? ஒரே ஓடைக்கு இரண்டு பெயர், ஒரே பெயரில் மூன்று ஓடை. அளவரிடம் இருந்தது தேதி வரிசையில் எழுதிய பதிவேடு. வரைபடம் இல்லை. புதிய பதிவு பழையதன்மேல் விழுகிறதா என்று பார்க்க அவருக்கே வழியில்லை.

விளைவு, ஒரே நிலத்துக்கு மூன்று, நான்கு, சில இடங்களில் அதற்கும் மேற்பட்ட உரிமைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. சட்டமே இதில் எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியது. பொதுச் சட்ட நீதிமன்றத்தில் முந்திய தேதியிட்ட பட்டயம் வெல்லும். நியாய வழி நீதிமன்றத்தில் முந்திய, செல்லத்தக்க பதிவு வெல்லும். பட்டயம் ஒருவர் கையிலும் பதிவு மற்றொருவர் பெயரிலும் இருந்தால், ஒருவர் வென்ற வழக்கில் அடுத்த கட்டடத்தில் மற்றவர் வெல்வார். எனவே வழக்கு முழுவதும், அந்தப் பதிவு செல்லத்தக்கதா என்ற ஒரே கேள்வியைச் சுற்றியது. அதற்கு விடை, 1780-இல் அந்த நீரூற்று அந்தப் பெயரால் பலருக்கும் தெரிந்திருந்ததா என்பதில் இருந்தது. இருபது முப்பது ஆண்டு கழித்து நரைத்த வேட்டைக்காரர்களைக் காட்டுக்குள் அழைத்துப்போய், இந்த மரந்தானா, இந்த ஊற்றுதானா என்று சாட்சியம் வாங்கினார்கள். குடிசை இருந்த இடம் மட்டும் தெரிந்து, புலத்தின் வடிவம் சொல்லப்படாத 400 ஏக்கர்ப் பதிவுகளுக்கு நீதிமன்றங்கள் தாமாகவே ஒரு விதி செய்தன: குடிசையை நடுவில் வைத்து, நான்கு திசைக்கும் நேராகப் பக்கங்கள் அமைத்து ஒரு சதுரம் போடு. பக்கம் சுமார் 253 கோல். அளவரும் அரசும் செய்யத் தவறிய சதுரத்தை நீதிபதி போட வேண்டியதாயிற்று.

வழக்கில் வெல்லப் பணம் வேண்டும், வழக்கறிஞர் வேண்டும். கிழக்குக் கடற்கரையில் இருந்துகொண்டே பெட்டி நிறையச் சீட்டு வாங்கிய வணிகருக்கு இரண்டும் இருந்தன. காட்டை வெட்டித் திருத்தியவருக்கு இரண்டும் இல்லை. டேனியல் பூன் 1780-இல் தம்முடைய பணத்தோடு நண்பர்கள் நம்பிக் கொடுத்த பணத்தையும் சேர்த்து, ஏறத்தாழ 20,000 டாலர் காகிதப் பணத்தைச் சீட்டு வாங்க எடுத்துப்போன வழியில் திருட்டுக் கொடுத்தார். பிறகு உதவி அளவராகவே வேலை பார்த்தார், நிறைய நிலத்துக்குப் பதிவு செய்தார், ஒவ்வொன்றாக இழந்தார். 1799-இல் கென்டக்கியை விட்டு, அப்போது ஸ்பெயினிடம் இருந்த மிசூரிக்குப் போனார். கென்டக்கி அவர் பெயரை ஒரு கவுண்டிக்கு வைத்திருக்கிறது, நிலத்தைத்தான் அவருக்கு விட்டுவைக்கவில்லை.

ஆபிரகாம் லிங்கனின் தந்தை தாமஸ் லிங்கன் கதை இன்னும் விளக்கமானது. அவர் கென்டக்கியில் அடுத்தடுத்து மூன்று பண்ணைகள் வைத்திருந்தார். மூன்றிலும் வில்லங்கம். முதலாவது 238 ஏக்கர் என்று வாங்கியது, விற்கும்போது 200 ஏக்கராகக் கணக்கிடப்பட்டது. கடைசிப் பண்ணையில் வெளியேற்ற வழக்கே வந்தது. 1816-இல் ஆற்றைக் கடந்து இண்டியானாவுக்குப் போனார். ஓரளவுக்கு அடிமை முறை காரணம் என்றும், முதன்மையான காரணம் கென்டக்கியில் நிலத்துக்கு ஒழுங்கான உரிமை கிடைக்காததே என்றும் அவர் மகன் ஆபிரகாம் பின்னாளில் எழுதினார். 1817-இல் தாமஸ் வின்சென்ஸ் ஊரின் நில அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு செய்த நிலத்தின் விவரம் இவ்வளவுதான்: பிரிவு 32-இன் தென்மேற்குக் கால், டவுன்ஷிப் 4 தெற்கு, ரேஞ்ச் 5 மேற்கு. 160 ஏக்கர். ஓக் மரம் இல்லை, ஓடை இல்லை, பக்கத்துக்காரர் பெயர் இல்லை. அந்த ஒரு வரிக்கு அந்த அலுவலகத்தின் வரைபடத்தில் ஒரே இடந்தான் உண்டு. மகன் 1833-இல் இல்லினாயில் திசைகாட்டி வாங்கி உதவி அளவரானார்.

அந்த ஒரு வரியைச் சாத்தியமாக்கியது 1785 மே 20-இல் நிறைவேறிய நிலச் சட்டம். போர்க்கடனில் மூழ்கியிருந்த, புதிய அமெரிக்க ஒன்றியத்தின் காங்கிரஸுக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. மாநிலங்கள் விட்டுக்கொடுத்த மேற்குநிலம் மட்டுமே சொத்து. தெற்கத்திக்காரர்கள் சீட்டு முறையைக் கேட்டார்கள். வடக்கத்திக்காரர்கள் ஊர் முறையைக் கேட்டார்கள். பெரும்பாலும் வடக்கு வென்றது. பக்கத்துக்கு 6 மைல் உள்ள சதுர டவுன்ஷிப்; வடக்கு தெற்காக அடுக்கிய டவுன்ஷிப் வரிசை ஒரு ரேஞ்ச். அதில் பக்கத்துக்கு ஒரு மைல் உள்ள 36 பிரிவுகள். ஒவ்வொன்றும் 640 ஏக்கர். முதலில் அளந்து, வரைபடம் வரைந்து, பிறகு ஏலம். குறைந்த விலை ஏக்கருக்கு ஒரு டாலர். 16-ஆம் பிரிவு டவுன்ஷிப்பின் பள்ளிக்கு. அளவருக்கும் அவர் ஆட்களுக்கும் சேர்த்து மைலுக்கு 2 டாலர் கூலி. காட்டின் அடர்த்தி தெரிந்தவர்கள் இந்தத் தொகையைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும். பிரிவுகளுக்கு எண் இடுவதை 1796 சட்டம் மாற்றியது: வடகிழக்கு மூலையில் 1, மேற்கே போய் 6, அதன் கீழே 7, திரும்பிக் கிழக்கே 12, மீண்டும் கீழே இறங்கி மேற்கே. ஏர் சால் விட்டுத் திரும்புவதுபோல் எண்கள் போய், தென்கிழக்கில் 36-ல் முடியும்.

முதல் சங்கிலி 1785 செப்டம்பர் 30-இல் விழுந்தது. பென்சில்வேனியாவின் மேற்கெல்லை ஒஹாயோ ஆற்றைத் தொடும் இடத்தில், வடகரையில் இருந்து தாமஸ் ஹட்சின்ஸ் நேர்மேற்காகக் கோடு ஓட்டினார். இவர் ஐக்கிய அமெரிக்காவின் புவியியலர் என்ற அதிகாரப் பட்டம் பெற்றவர். நான்கு மைல்கூடத் தாண்டாத நிலையில், டஸ்கராவஸ் பக்கம் தாக்குதல் நடந்த செய்தி வந்ததும் குழு பின்வாங்கியது. அடுத்த ஆண்டு, மாநிலத்துக்கு ஓர் அளவராக, படைக்காவலோடு திரும்பினார்கள். காவல் படை தங்கக் கட்டிய ஸ்டூபன் கோட்டை இருந்த இடமே இன்றைய ஸ்டூபன்வில். உண்மை வடக்கை விண்மீன் பார்த்துக் கணக்கிட வேண்டும் என்ற விதியை 1786-இல் காங்கிரஸ் தளர்த்தியது, அவசரம். ஏழு ரேஞ்ச் எனப்படும் அந்த 42 மைல் அகலப் பட்டையில் கோடுகள் இன்றும் கோணலாகவே கிடக்கின்றன. நான்கு ரேஞ்ச் முடிந்ததும் 1787-இல் நியூயார்க்கில் ஏலம் விட்டார்கள். எதிர்பார்த்ததில் ஒரு சிறு பங்கே விற்றது. 640 ஏக்கரை ரொக்கத்துக்கு வாங்கும் குடியானவர் எங்கே இருந்தார்? பொறுமையிழந்த காங்கிரஸ், ஒஹாயோ கம்பெனிக்குப் பெரும் துண்டாக 15 லட்சம் ஏக்கரை எழுதிக்கொடுத்தது.

கோணல் கோடுகளைவிடப் பெரிய குறை வேறு. அளந்த நிலம் காலியாக இல்லை. மயாமித் தலைவர் லிட்டில் டர்ட்டிலும் ஷானித் தலைவர் புளூ ஜாக்கெட்டும் திரட்டிய கூட்டணி, ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே ஓர் அங்குலமும் தரமுடியாது என்று நின்றது. 1791-இல் ஆர்தர் செயிண்ட் கிளேரின் படையை நொறுக்கியது. 1794-இல் ஃபாலன் டிம்பர்ஸ் சண்டையில் தோற்றபின், 1795-இல் கிரீன்வில் ஒப்பந்தத்தில் இன்றைய ஒஹாயோவின் பெரும்பகுதி கைமாறியது. வேலைகளின் வரிசையைச் சரிசெய்த 1785 சட்டம் எடுத்துக்கொண்டது அளவையையும் விற்பனையையும் மட்டுமே. அவற்றுக்கு முந்திய படியான கையகப்படுத்தல், போராலும் போர்முனையில் எழுதிய ஒப்பந்தத்தாலும் நடந்தது. 1823-இல் உச்ச நீதிமன்றம், பூர்வகுடிகளிடம் தனியார் நேராக வாங்கிய நிலவுரிமை செல்லாது, அரசு மட்டுமே வாங்கலாம் என்று தீர்ப்பளித்தது. எழுதியவர் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். அவருடைய தந்தை தாமஸ் மார்ஷல் கென்டக்கியின் ஃபேயெட் கவுண்டி அளவராக இருந்தவர்.

விற்பனை விதிகள் குடியானவரின் கைக்கெட்டும் அளவுக்கு இறங்க நாற்பது ஆண்டுக்கு மேல் பிடித்தது. 1796-இல் விலை 2 டாலராக ஏறியது. 1800-இல் 320 ஏக்கர், நான்காண்டுத் தவணை, நிலத்துக்குப் பக்கத்திலேயே அலுவலகங்கள். 1804-இல் 160 ஏக்கர். தவணை கட்ட முடியாமல் பலர் நொடித்தபின் 1820-இல் கடன் ஒழிந்தது; 80 ஏக்கர், ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர், ரொக்கம். 1832-இல் 40 ஏக்கர்.

அளவையிலும் கைப்பழக்கம் சீராகியது. 1803-இல் தலைமை அளவரான ஜாரெட் மான்ஸ்ஃபீல்டு கணிதப் பேராசிரியர். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு முதன்மைத் தீர்க்கக்கோடும் ஒரு அடிக்கோடும் வானியல் முறையில் அமைத்து, அவற்றிலிருந்து டவுன்ஷிப்களை எண்ணும் வழக்கத்தை நிலைநிறுத்தியவர் அவர். உருண்டையான பூமிமேல் சதுரக் கட்டம் சரியாகப் பொருந்தாது. வடக்கே போகப்போகத் தீர்க்கக்கோடுகள் நெருங்கும். 40 பாகை வட அட்சத்தில் ஒரு டவுன்ஷிப்பின் வடபக்கம் தென்பக்கத்தைவிட ஏறத்தாழ 40 அடி குறையும். அந்தக் குறைவை எல்லாப் பிரிவுகளுக்கும் பகிராமல், வடக்கு வரிசையிலும் மேற்கு வரிசையிலும் மட்டும் தள்ளினார்கள். குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு திருத்தக்கோடு போட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். மத்திய மேற்கு மாநிலங்களில் நேராக ஓடும் கிராமச் சாலை திடீரென்று பக்கவாட்டில் ஒடிந்து மறுபடி நேராவது இந்தக் கோடுகளில்தான்.

மூலைக்கு இங்கே கம்பம் நட்டார்கள், அல்லது கல். அத்தோடு விடாமல் பக்கத்து மரங்கள் இரண்டைச் சாட்சி மரங்களாகக் குறித்து, மரத்தின் இனம், விட்டம், மூலையிலிருந்து பாகை, தூரம் நான்கையும் குறிப்பேட்டில் எழுதினார்கள். கம்பம் மக்கினாலும் மரத்திலிருந்து மூலையைக் கண்டுபிடிக்கலாம். வேலையோ ஒப்பந்தக் கூலி, மைல் கணக்கு. கூடாரத்தில் உட்கார்ந்தபடி கோட்டை எழுதிமுடித்த அளவர்களும் இருந்தார்கள். அவர்கள் குறித்த சாட்சி மரங்கள் முளைத்ததே இல்லை. மற்றவர்களின் குறிப்பேடுகளை வைத்து, உழவுக்கு முன் எந்தக் காட்டில் எந்த மரம் நின்றது என்பதை இன்று சூழலியலாளர்கள் வரைகிறார்கள்.

இரண்டு முறைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒஹாயோவிலேயே ஓர் இடம் இருக்கிறது. சியோட்டோ ஆற்றுக்கும் லிட்டில் மயாமி ஆற்றுக்கும் நடுவே ஏறத்தாழ 42 லட்சம் ஏக்கரை வர்ஜீனியா தன் படைவீரர்களுக்கென்று ஒதுக்கிவைத்தது. அங்கே பழைய சீட்டு முறையே நடந்தது. நத்தேனியல் மாசி போன்ற அளவர்கள் உயிரைப் பணயம் வைத்து உள்ளே போனார்கள். கூலியாக நிலத்திலேயே கால் பங்கு முதல் பாதி வரை எடுத்துக்கொண்டார்கள். இந்த ஒதுக்கு நிலத்தில் வழக்குகள் மலிந்தன. ஆற்றுக்கு அப்பால் இருந்த கட்டங்களில் வழக்கு அருகியே வந்தது.

கென்டக்கி தன் வில்லங்கத்தைத் தீர்க்க வேறு வழி தேடியது. 1797-இலும் 1812-இலும், நல்லெண்ணத்தோடு நிலத்தில் உழைத்தவரை வெளியேற்றினால் அவர் செய்த மேம்பாட்டுக்கு ஈடு தரவேண்டும் என்று சட்டம் செய்தது. 1823-இல் உச்ச நீதிமன்றம் அவற்றைத் தள்ளியது; வர்ஜீனியா தந்த உரிமைகளைக் குறைப்பதில்லை என்று கென்டக்கி பிரிந்தபோது செய்த உடன்பாடு காரணம். ஏழு ஆண்டு அனுபவத்தில் இருந்தவரை அசைக்கக்கூடாது என்ற 1809 சட்டம் மட்டும் 1831-இல் தப்பியது. கென்டக்கி உழவருக்குக் கடைசியில் நிலத்தைத் தந்தது பட்டயம் அல்ல, அனுபோகம்.

கட்ட முறையின் கீழ் எழுந்த எல்லைத் தகராறுகளுக்கு 1805 பிப்ரவரியில் காங்கிரஸ் ஒரு விதி செய்தது. அரசு அளவர் தரையில் நட்ட மூலையே மூலை. அவர் ஓட்டிய கோடே கோடு. அவர் அறிக்கையில் எழுதிய நீளமும் பரப்பும் சரியானவையாகக் கொள்ளப்படும். பிற்காலத்தில் எத்தனை துல்லியமான கருவி வந்தாலும், மறு அளவை செய்பவரின் வேலை பழைய மூலை எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பதே. எங்கே இருந்திருக்க வேண்டும் என்று திருத்துவது அல்ல. ஆவணமும் தரையும் முரண்படும்போது அமெரிக்க நீதிமன்றங்கள் பார்க்கும் முறையும் இதையொட்டியது: முதலில் ஆறு, பாறை போன்ற இயற்கைக் குறிகள், அடுத்து நட்ட கல்லும் கம்பமும் குறிவெட்டிய மரமும், அதன்பின் பாகையும் தூரமும், எல்லாவற்றுக்கும் கடைசியில் பரப்பு. 640 ஏக்கர் என்று விற்ற பிரிவில் 653 இருந்தாலும் 628 இருந்தாலும், நான்கு மூலைக்குள் கிடப்பதே வாங்கியவருக்கு.